நெற்றியோர முடியும் இல்லாத தலைவலியும்

என் நெற்றியோரத்து முடிக்குப் பிறவியிலேயே திமிர். தலையின் மற்ற பகுதியைக்கூட மன்னித்துவிடலாம். சுருட்டை முடிதான், அள்ளி முடிந்து ஒரு கிளிப்பைப் போட்டால் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். முன்வரிசையில் நிற்கும் குட்டி முடிகள்தான் யாருக்கும் அடங்காது. எண்ணெய் வைத்தால் எண்ணெயைக் குடித்துவிட்டு எழுந்து நிற்கும். தண்ணீர் தொட்டு வாரினால் கண்ணாடி முன்னால் நிற்கும்வரை நல்ல பிள்ளை வேஷம் போடும். வாசலைத் தாண்டினால் போச்சு. அதிலும் நான் குடியிருப்பது கோலா சிலாங்கூரில். ஆற்று ஈரமும் கடல் ஈரமும் சேர்ந்து வீசுகிற ஊர். காலையில் காயப்போட்ட துண்டே சாயங்காலம்வரை ஈரத்தோடு தொங்கும் இடத்தில் என் முடி மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரீபோண்டிங் செய்ய ஆரம்பித்துவிட்டேன். மருந்தைப் பூசி, சூட்டுக் கம்பியால் இழுத்து, சுருட்டையை நூடுல்ஸ் மாதிரி நேராக்குகிற வேலை அது. தீபாவளி நெருங்கினால் வீட்டில் முறுக்குக்கு மாவு பிசைவார்கள். நான் டவுனில் சீன ஆன்ட்டியின் சலூனில் அரை நாள் உட்கார்ந்திருப்பேன். மருந்து நாற்றத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். உன் முடிக்கு ரொம்பப் பிடிவாதம் என்று மலாயில் திட்டிக்கொண்டே ஆன்ட்டி இழுப்பார். திட்டு வாங்கினாலும் திரும்பி வரும்போது தலை வழவழவென்று இருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் நிற்கும் கார் கண்ணாடியில் எல்லாம் முகம் பார்த்துக்கொண்டே வருவேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆன்ட்டியே கம்பியைக் கீழே வைத்துவிட்டார். நெற்றியோரம் முழுக்க முடி பொடிப்பொடியாக ஒடிந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் வெறும் தோல் தெரிந்தது. "இன்னும் மருந்து போட்டா உனக்கு நெத்தி மட்டும்தான் இருக்கும், தலை இருக்காது" என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்? ரீபோண்டிங்கை விட்டேன். நேராக இருந்த பழைய முடியை வெட்டி எறிந்தேன். சுருட்டை திரும்பி வந்தது. ஒடிந்துபோன முன்வரிசையும் வந்தது, ஆனால் படுத்துக்கொண்டு வரவில்லை.

அதன்பிறகுதான் ஜெல் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று ஒன்று திரண்டு வரும். அதைத் துணியில் வடிகட்டி, பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு, நெற்றியோரத்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிய வைக்க வேண்டும். அப்புறம் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காயும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் இருந்தேன். "கொள்ளையடிக்கப் போறவ மாதிரி நிக்கிறியே, யாராச்சும் பாத்தா போலீஸக் கூப்பிடப் போறாங்க" என்பார் அம்மா. அப்பா ஒரு காலையில் அந்த டூத்பிரஷ்ஷை எடுத்துப் பல் விளக்கிவிட்டு, "புது பேஸ்டா? நுரையே வரல, ஆனா வழவழன்னு நல்லாருக்கு லா" என்றார். நல்லாருக்கு என்று சொல்பவரிடம் போய் என்ன சொல்வது?

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். ரீபோண்டிங்கை விட்ட புதிதில் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. வந்தார்கள், வடையைத் தின்றார்கள், என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "பொண்ணு பரவால்ல. அந்த முடியப் பாத்தாத்தான் பொம்பளப் புள்ள மாதிரியே இல்ல" என்றார். ஜன்னல் திறந்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செருப்பைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். போடவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு அவர்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அதனால் இவரைச் சந்தித்தபோது ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன். நெற்றியோரத்தை இவர் பார்க்கவே கூடாது.

நான் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். இவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஏதோ மெஷின் பழுது பார்க்க இந்தப் பக்கம் வந்தவர் கடைவாய்ப் பல் ஈறு வீங்கி, முகம் ஒரு பக்கம் பன் மாதிரி ஆகி, எங்கள் கவுண்டரில் வந்து நின்றார். வலியில் இருக்கிற மனுஷன் யாருடைய முடியைப் பார்ப்பான்? என் நல்ல நேரம். பல்லைப் பிடுங்கிய பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்து எந்தப் பல்லைக் காட்டுவது என்று தெரியாமல் கடைசியில் நேரடியாகவே போன் நம்பர் கேட்டார்.

முதன்முதலாக வெளியே போனது செகிஞ்சானுக்கு. வயல் பச்சையாக இருக்கும், பார்க்கலாம் என்றார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லாத இடத்துக்கு யாராவது ஒரு பெண்ணைக் கூட்டிப்போவார்களா? காரை விட்டு இறங்கியதும் காற்று அடித்தது பாருங்கள், நெல்லெல்லாம் சாய்ந்தது, என் முன்முடி மட்டும் நிமிர்ந்தது. காய்ந்த ஜெல் பொடிப்பொடியாகப் பறப்பதை நானே உணர்ந்தேன். சட்டென்று உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டேன். போட்டோவுக்கு நிற்கும்போதும் கையை எடுக்கவில்லை, இளநீர் குடிக்கும்போதும் எடுக்கவில்லை.

"என்ன, தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? "லேசா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மனுஷன் வெயிலில் ஓடிப்போய்ப் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகத் தேடித் தலைவலி மாத்திரை வாங்கி வந்தார். அடுத்த தடவை பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிடப் போனோம். ஆற்றோரம், மறுபடியும் காற்று, மறுபடியும் என் கை நெற்றியில். மறுபடியும் மாத்திரை. பிறகு எங்கே போனாலும் சட்டைப் பையில் மாத்திரையோடுதான் வருவார். நான் வாங்கி, நன்றி சொல்லி, கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். என் அறை அலமாரியைத் திறந்தால் மருந்துக்கடை தோற்றுப்போகும்.

ஒருநாள் ஒரு தைல பாட்டிலையும் கொண்டுவந்தார். "நெத்தியில நல்லாத் தேய்ச்சிக்க, வலி போயிரும்" என்றார். கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தால், அட, முடி அப்படியே படிந்து ஒட்டிக்கொண்டது! ஜெல்லைவிடப் பிரமாதம். ஆசையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அது வழிந்து கண்ணுக்குள் இறங்கி, நான் ஜெராமில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும் பொலபொலவென்று கண்ணீர் விட்டேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, இறாலைத் தொடாமல் இவரும் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன். வாசலில் செருப்பைத் தேடிய அந்தப் பெண்மணியின் குரல் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வழியாக இரண்டு வீட்டிலும் பேசி, பூ வைக்க நாள் குறித்தார்கள். பூ வைக்கும் சடங்கு என்றால் மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே பெண்ணின் தலையில் பூவை வைத்து, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்வது. மற்றவர்களுக்கு அது சந்தோஷம். எனக்கு அது என் முடியின்மேல் ஒரு மாமியாரின் கை. அதுவும் எப்படிப்பட்ட மாமியார்! அத்தையின் போட்டோவை இவர் போனில் காட்டியிருந்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல், ஒரு வளைவு கிடையாது, நெற்றியோரத்தில் ஒரு முடி எழுந்து நிற்கவில்லை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்?

முதல்நாள் சாயங்காலமே ஒரு சட்டி ஆளி விதையைக் கொதிக்க வைத்தேன். மருதாணி வைக்க ஆள் வந்துவிட்டதால் வடிகட்ட நேரமில்லை. விதையோடு அப்படியே ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, காலையில் சூடு காட்டி வடிகட்டிக்கொள்ளலாம் என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் ரவாங்கிலிருந்து அவர்கள் வேனில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். நம் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டும் கையுமாகப் பின்பக்கமாக அடுக்களைக்குள் போனேன். ஐஸ் பெட்டியில் டப்பா இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பெரிய குண்டானில் ரோஸ் சிராப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தி, இதுல இருந்தது எங்க?"

"எது, ஊற வெச்ச சப்ஜா விதையா? சிராப்புல போட்டுட்டேன் லா. ஆனா ஒண்ணு சொல்றேன், அது பழைய விதைடி. கறுப்பாவே இல்ல, பழுப்பா இருக்கு. அடுத்த தடவ வேற கடையில வாங்கு."

திரைச்சீலை இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். பாயில் வரிசையாக உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் என் ஜெல்லைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவரும் குடித்தார். இவர் அப்பாவும் குடித்தார். அத்தை கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டு, "இன்னொரு கிளாஸ் இருக்குமா? தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போவுது" என்றார்.

விஷம் இல்லைதான். வெறும் விதையும் தண்ணீரும்தான், வாசனைக்குக்கூட நான் எதுவும் சேர்க்கவில்லை. அவர்கள் வயிறு நன்றாக இருக்கும், என் நெற்றிக்கு என்ன வழி? விஷயத்தைக் காதோடு சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தலையில தேய்க்கிறத ஏன்டி ஐஸ் பெட்டியில வெக்கிற? உங்க சித்திகிட்ட மூச்சு விடாத, ஊருக்கே ஒலிபெருக்கி வெச்சிருவா" என்றார். விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து நெற்றியில் தேய்த்தார். அது புருவம்வரை வழிந்தது. வழிந்ததைத் துடைக்கப் பவுடர் போட்டார். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து நெற்றி போண்டா மாவு மாதிரி ஆனது. முகத்தைக் கழுவச் சொன்னார். கழுவினேன். இப்போது முடி ஈரமும் காய்ந்ததுமாக, முன்னைவிட உற்சாகமாக எழுந்தது. நெற்றிச்சுட்டியைக் கட்டி அமுக்கலாம் என்றால், சுட்டியின் சங்கிலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. வெளியே அழைக்கிறார்கள். வேறு வழி?

கையை நெற்றியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கூடத்தில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. இவருடைய பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னைக்குக்கூடவா?" என்றார். அத்தை பூத்தட்டோடு எனக்கு எதிரில் வந்து அமர்ந்தவர், பூவை எடுக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பூ வெக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்றார் என் அம்மாவைப் பார்த்து. "ஆஸ்பத்திரியில காட்டினீங்களா? ஸ்கேன் எடுத்தாச்சா?"

"என்ன ஸ்கேன்?" என்றார் அம்மா.

"மறைக்காதீங்க லா. மகன் எல்லாம் சொல்லிட்டான். எப்பப் பாத்தாலும் தலவலி, வெளிய போனா தாங்க முடியல, அன்னைக்கு ஜெராம்ல தாங்காம அழுதிருச்சாம். வியாதியா இருந்தாலும் பரவால்ல, கட்டிக்கிட்டு நாங்க வைத்தியம் பாத்துக்குறோம். ஆனா மறைச்சிட்டீங்கன்னா மனசு விட்டுப்போயிரும்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. கையை எடுக்காவிட்டால் நான் நோயாளி, அதுவும் வியாதியை மறைத்த நோயாளி. எடுத்தால் மறுபடியும் ஒரு வாசல், மறுபடியும் ஒரு செருப்பு. ஆனால் இந்த முறை கிள்ளான்காரர்கள் இல்லை. இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருந்தது. வெயிலில் ஓடி மாத்திரை வாங்கி வந்தவரை இழந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தபோது நிஜமாகவே தலை வலித்தது.

கையை எடுத்தேன்.

"இதுதான் வியாதி அத்தை" என்றேன்.

முடியெல்லாம் விடுதலை கிடைத்த மாதிரி எழுந்து நின்றது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"முடி தெரியுது. வலி எங்க?"

"வலியே இல்ல அத்தை. எப்பவுமே இருந்ததில்ல. காத்துல முடி எழும்புதேன்னு கைய வெச்சேன். அவரு தலவலியான்னு கேட்டாரு, நானும் ஆமான்னுட்டேன். முடியப் பாத்தா வேணாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்."

இவர் தலையை நிமிர்த்தி, "அப்ப நான் வாங்கிக் குடுத்த மாத்திரையெல்லாம்?" என்றார்.

"அலமாரியில இருக்கு."

முதலில் சித்திதான் சிரித்தார். அப்புறம் பெரியம்மா, அப்புறம் என் அப்பா, அப்புறம் கூடமே குலுங்கியது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ஐயையோ" என்றார் அத்தை. "நான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேனே! இந்தப் புள்ள தலவலி போயிருச்சுன்னா மொட்டை போடுறேன்னு."

என் கை தானாக என் தலைக்குப் போனது. "யாருக்கு மொட்டை அத்தை?"

"எனக்குத்தான்டி. உன் தலைய நேந்துக்க நான் யாரு?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பின்னலைத்தான் போட்டோவில் பார்த்து நான் வயிறு எரிந்தேன். அதுவரை நேரில்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அத்தை அதைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வலியே இல்லையே அத்தை. அப்ப அந்த வேண்டுதல் செல்லாது லா."

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

"இல்லன்னு ஆயிருச்சுல்ல? அப்ப ஆத்தா செஞ்சிட்டா."

"நியாயம்தான்" என்றார் என் அப்பா. அம்மா அவரை முறைத்தார். இவருடைய பெரியம்மா, "பூமுடி குடுத்தாப் போதும். மூணு கொத்து வெட்டிப் போட்டா சாமி ஏத்துக்கும்" என்று சமாதானம் சொன்னார். "மொட்டைன்னு சொல்லிட்டுக் கொத்துக் கணக்கா பேசறது?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டார். பிறகு தட்டிலிருந்து மல்லிகையை எடுத்து என் தலையில் வைத்தார். ஊசி குத்த இடம் தேடியவர், "ஊசியே வேணாம்டி, உன் முடியே பிடிச்சிக்குது" என்று ஆச்சரியப்பட்டார். போகும்போது சிராப் எப்படிச் செய்தது என்று சித்தியிடம் கேட்டு விவரமாகத் தெரிந்துகொண்டார். நான் குறுக்கே பேசவில்லை. பழைய சப்ஜா விதை எந்தக் கடையில் கிடைக்கும் என்று இன்றுவரை இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேனில் ஏறுவதற்கு முன்னால் இவர் மட்டும் திரும்பி வந்தார். என் நெற்றியையே பார்த்தார். நான் கையைத் தூக்கப் போனேன், பிறகு அடக்கிக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா மாத்திரைக்குப் பதிலா ஜெல் வாங்கியிருப்பேன்ல?" என்றார்.

"அடுத்த தடவ வயலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டுதலை முடித்தே ஆகவேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். ரவாங் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே போனேன். அன்றைக்கு ஜெல் போடவில்லை. போட மனசு வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் தடுப்பு கட்டி மொட்டை அடிக்கும் இடம் வைத்திருந்தார்கள். கத்தியோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "எந்தத் தலை?" என்று கேட்டார். அத்தை தன்னைக் காட்டியதும், "நான் இந்தத் தங்கச்சியோன்னு நினைச்சேன்" என்றார் என் முன்முடியைப் பார்த்துக்கொண்டே. வேறு நாளாக இருந்தால் அவரிடம் ஒரு மல்லுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு வாயே வரவில்லை.

மாமாவும் இவரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் அத்தையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றித் தலையை நனைத்தார்கள். முதல் கத்தி நெற்றியோரத்தில்தான் விழுந்தது. அங்கிருந்து பட்டை பட்டையாகப் பின்னோக்கிப் போனது. அத்தனை முடியும் அவர் மடியில் விழுந்து நிறைந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. இல்லாத ஒரு வலிக்காக ஒரு மனுஷி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் விரல் நீளம்கூட இல்லாத முடிக்காக அத்தனை பயப்பட்டேன்.

முடிந்ததும் சந்தனத்தைக் குழைத்து என்னையே பூசச் சொன்னார்கள். தலை என் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது. நெற்றியிலிருந்து ஆரம்பித்துப் பின்கழுத்துவரை தடவினேன். அத்தை கண்ணைத் திறந்தார்.

"எப்படிடி இருக்கேன்?" என்று கேட்டார். இதுவரை எல்லாவற்றையும் ஒரே போடாகப் போட்ட குரல் இப்போது மெலிந்திருந்தது. "அசிங்கமா இருக்கா? உண்மையச் சொல்லு."

நல்லா இருக்கு என்று சொல்ல வந்தேன். ஆனால் அத்தையிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காதுதான் கொஞ்சம் பெருசா இருக்கு அத்தை."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கக்கூடாது என்பதுபோல.

"எனக்குத் தெரியும்டி. பள்ளிக்கூடத்துல யானக்காதின்னுதான் கூப்புடுவாங்க. அதுக்காகத்தான் இத்தன முடி வளத்தேன். காத மூடித்தான் பின்னுவேன், மூடித்தான் கொண்ட போடுவேன். உங்க மாமாகூட வெளிச்சத்துல முழுசாப் பாத்ததில்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு சிரிக்க ஆரம்பித்தோம். கத்திக்காரர் எங்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு மூக்கு ஒழுகியது.

அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். தடுப்புவரை நடந்தவர், துணியை விலக்கப்போய் அங்கேயே நின்றுவிட்டார். வெளியே மாமா செருமும் சத்தம் கேட்டது. அத்தையின் வலது கை மெல்ல மேலே போய்க் காதைப் பொத்தியது.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். கையை விடாமலேயே இரண்டு பேரும் வெளியே போனோம்.